பிள்ளை யார் பக்கம்?

மணவிலக்கு என்பது இருவர் பிரிவதோடு முடிந்துவிடுவதன்று. கணவன் ஒரு வழியும் மனைவி ஒரு வழியும் சென்றபின், பிள்ளை எவ்வழி செல்வது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஏற்காட்டு ஒண்டிக்கடையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்கி, நல்ல வழக்கறிஞர் யாரென விசாரிக்கும் தாயின் உள்ளத்திலும் அவ்வினாவே இருக்கும். அத்தகையோர்க்கு உதவும் பாடம் ஒன்று நம் சென்னையின் வரலாற்றிலேயே உண்டு.

அன்னி பெசன்ட் அம்மையாரை 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவராக நாம் அறிவோம். பிள்ளைகளின் பொருட்டு இருமுறை வழக்காடியவர் என்பதைப் பலர் அறியார். 1873இல் அவர் தம் கணவரான பாதிரியாரைப் பிரிந்தார். மகன் தந்தையிடமும், மகள் மேபல் தாயிடமும் வளர்வதென உடன்படிக்கை ஆயிற்று. பின்னர், அம்மையாரின் இறைமறுப்பையும், 1877இல் அவர் வெளியிட்ட கருத்தடை நூலையும் காரணம் காட்டி, கணவர் மகளைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1878இல் இலண்டனில் அம்மையார் தாமே வாதாடினார், மகளை இழந்தார்.

விதி மீண்டும் அவரைச் சென்னை நீதிமன்றத்தில் நிறுத்தியது. அடையாற்றில் பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணய்யா, 1910இல் தம் புதல்வர் கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தரையும் அம்மையாரின் பொறுப்பில் ஒப்படைத்தார். அவர்கள் இங்கிலாந்து சென்றபின், 1912இல் தந்தை வழக்கிட்டார். தந்தைக்காக வாதாடியவர் சி. பி. இராமசாமி ஐயர்; அம்மையாரோ இம்முறையும் தாமே வாதாடினார். 1913இல் தந்தைக்கே தீர்ப்பாயிற்று. ஆனால் 1914இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதனைத் தள்ளுபடி செய்தது.

காரணம் என்ன? சிறுவர்கள் வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். செங்கற்பட்டில் தொடுத்த வழக்கு பொருந்தாது என்பது ஒன்று. சிறுவர்கள் தரப்பை எவரும் எடுத்துரைக்கவில்லை, அவர்கள் விருப்பமும் அறியப்படவில்லை என்பது மற்றொன்று.

1890ஆம் ஆண்டின் அக்காப்பாளர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிள்ளையின் நலமே அதன் அளவுகோல். நம் ஃபிக்ஹு நூல்களும் ‘ஹிளானத்’ என்னும் வளர்ப்புரிமையை முதலில் தாய்க்கே அளிக்கின்றன. ஹனஃபி மத்ஹபில் மகனுக்கு ஏழு வயது வரையும், மகளுக்குப் பருவமெய்தும் வரையும் அவ்வுரிமை நீடிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், விவரம் அறியும் வயதை எட்டிய பிள்ளையிடமே விருப்பம் கேட்கப்படும். பிரிவி கவுன்சில் தேடிய அவ்விருப்பத்தை நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மதித்தனர் அல்லவா?

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, வழக்கறிஞர் தோன்றுவது உரிமையன்று. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். எனினும் சட்டநுட்பம் அறிந்தவரின் துணையின்றிச் செல்வது நன்றன்று. வசதியில்லையே எனத் தயங்க வேண்டியதில்லை. 1987இல் இயற்றப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்தால் போதும்.

வழக்கறிஞரைத் தெரிந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிப்போமாக. எதிர்த்தரப்பாரின் குற்றங்களை முதலில் கேட்பவரைவிட, “பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? யாரோடு இருக்க விரும்புகிறது?” என்று கேட்பவரே சிறந்தவர். பெற்றோரில் எவர் வென்றாலும், பிள்ளை தோற்றுவிடலாகாது.