கிருஷ்ணகிரி வட்டாரப் பாறை ஓவியங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குன்றுகளின் குகைகளிலும் பாறை ஒதுக்கிடங்களிலும் கல்திட்டைகளின் உட்புறத்திலும் காணப்படும் பழங்கால ஓவியங்கள். பெரும்பாலானவை வெள்ளை நிறத்தில் தீட்டப்பட்டவை. மல்லப்பாடி, மயிலாடும்பாறை, மகாராஜகடை, மல்லச்சந்திரம் ஆகியவை அறியப்பட்ட இடங்கள். தமிழ்நாட்டில் பாறை ஓவியம் என ஆய்வுலகம் முதலில் பதிவு செய்தது இந்த மாவட்டத்தில்தான். பர்கூருக்கு அருகிலுள்ள மல்லப்பாடிக் குகை ஓவியத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் கே. வி. இராமன் 1978இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். கீழ்வாலை, கரிக்கியூர், குமிட்டிபதி என்று பட்டியல் நீண்டது அதற்குப் பிறகே.

ராயக்கோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரி மூன்றையும் தாங்கி நிற்பது வறண்ட மேட்டுநிலம். பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைகிற, ஏரியை நம்பி வாழ்கிற வானம் பார்த்த பூமி. மண்ணைத் துளைத்துக்கொண்டு எங்கு பார்த்தாலும் கருங்கல் குன்றுகள். மலை கிடைத்த இடத்திலெல்லாம் மனிதர் ஏதாவது செய்து வைத்திருக்கிறார்கள். ராயக்கோட்டைக் குன்றின் மேல் இருப்பது கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் திப்புவின் படையிடமிருந்து அதைக் கைப்பற்றியவர் ஆங்கிலேயத் தளபதி மேஜர் கவுடி. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வட்டாரத்துப் பாறைகளில் குதிரைமேல் ஏறிச் சண்டையிட்டவர்கள் உண்டு. அவர்கள் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

மல்லப்பாடி ஓவியத்தின் மையம் அந்தக் குதிரை வீரர்கள்தான். இருவர், கையில் ஆயுதத்தோடு எதிரெதிராக மோதுகிறார்கள். முகம் இல்லை, உடை இல்லை. சில கோடுகளில் குதிரை, அதன்மேல் குச்சிபோல ஒரு மனிதன், அவ்வளவே. இருந்தும் வேகம் தெரிகிறது. நுணுக்கம் இல்லை என்பதற்காக இதைக் குழந்தைக் கிறுக்கல் என்று ஒதுக்குவோர் ஒருமுறை கருங்கல்லின் சொரசொரப்பில் விரலால் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றின் வயதைச் சொல்வது எளிதல்ல. கரிமக் காலக்கணிப்புக்கு உயிர்ப்பொருளின் எச்சம் வேண்டும். வெண்களிமண், சுண்ணாம்பு போன்ற கனிமப் பூச்சில் அது கிடைப்பது அரிது. ஆகவே ஆய்வாளர்கள் மூன்று துணைகளை நாடுகிறார்கள். முதலாவது நிறம்: தமிழகத்தில் செங்காவி ஓவியங்களைப் பொதுவாகப் பழையவையாகவும் வெள்ளை ஓவியங்களைப் பிந்தியவையாகவும் கொள்வது வழக்கம். இது பயனுள்ள விதிதான், ஆனால் இரும்பு விதி அல்ல. இரண்டாவது, வரையப்பட்ட பொருள். சகாராவில் தசீலி நஜ்ஜேர் பாறைகளை ஆராய்ந்தவர்கள் மாட்டுக் காலம், குதிரைக் காலம், ஒட்டகக் காலம் என்று ஓவியங்களை அடுக்கினார்கள். அந்தப் பாலை காய்ந்துகொண்டே வந்த கதையையும் அந்த விலங்குகளே சொல்லின. இங்கே அந்த வேலையைச் செய்வது குதிரை. தென்னிந்தியப் பெருங்கற்காலத்தோடு குதிரைக்கு நெருங்கிய உறவு உண்டு. விதர்ப்பாவின் மகுர்ஜாரிக் கல்லறைகளில் குதிரை எலும்புகளும் அவற்றின் அணிகலன்களும் கிடைத்துள்ளன. எனவே குதிரை வீரன் வரையப்பட்ட பாறையைப் புதிய கற்காலத்துக்குத் தள்ளுவது கடினம். இரும்புக் காலத்திலோ அதற்குப் பிறகோ வைப்பதே பொருத்தம்.

மூன்றாவது, சூழல். கிருஷ்ணகிரியின் தனித்தன்மை இங்குதான். மல்லச்சந்திரத்தில் ஓவியங்கள் இருப்பது குகையில் அல்ல, இறந்தோருக்காக எழுப்பிய கல்திட்டைகளில். பெரிய கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றியது கல்திட்டை. மண்ணுக்குள் புதைந்த கல்பதுக்கைக்கு மாறாக இது தரைக்கு மேலே நிற்பது. பாண்டவர்கள் வனவாசத்தில் கட்டிய வீடு என்று ஊரார் இத்தகைய திட்டைகளைச் சொல்வது தமிழகத்தின் பல பகுதிகளில் உண்டு. மல்லச்சந்திரத் திட்டைகளின் பலகைகளில், உள்முகத்தில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களும் மனித உருவங்களும் குறியீடுகளும் தீட்டப்பட்டுள்ளன. வழிப்போக்கர் பார்த்து மகிழ வரைந்த சித்திரமாக இருந்தால் அதை வெளிப்பக்கம் அல்லவா வரைந்திருப்பார்கள்? உள்ளே வரைந்தவர்கள் யாரை மனத்தில் வைத்து வரைந்தார்கள் என்பது ஊகம்தான். என்றாலும் இறந்தவரைத் தவிர வேறு பார்வையாளர் அங்கே பொருந்தவில்லை.

இந்த வட்டாரம் பின்னாளில் நடுகற்களுக்குப் பேர்பெற்றதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் விழுந்த வீரனைக் கல்லில் செதுக்கி நிறுத்தும் மரபு, இந்த வட்டாரம் அடங்கிய பழைய தகடூர் நாடு முழுக்கப் பரவியிருந்தது. கல்திட்டைச் சுவரில் ஆயுதமேந்தி நிற்கும் வெள்ளை உருவத்துக்கும், நடுகல்லில் வாளோடு நிற்கும் வீரனுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டுவிட முடியாது. இறந்தவனுக்குக் கல், கல்லில் அவன் உருவம் என்ற எண்ணம் மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

தொகரப்பள்ளிக்கு அருகிலுள்ள மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு நடத்தியது. புதிய கற்காலக் கருவிகள், ஈமச்சின்னங்கள், பாறை ஓவியங்கள் ஆகியவை ஒரே குன்றுப்பகுதியில் சேர்ந்திருக்கும் இடம் இது. இங்கு இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது, தமிழகத்தின் இரும்புக் காலமே பின்னோக்கி நகர்ந்தது. அந்த ஆண்டை ஓவியங்களின் வயதாக எழுதுவோரும் உண்டு, அது தவறு. கணிக்கப்பட்டது மண்ணடுக்கில் கிடைத்த மாதிரிதான், பாறையில் உள்ள வண்ணமல்ல.

மாநில எல்லையைத் தாண்டினாலும் இந்த மரபு அறுபடுவதில்லை. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்து ஹிரேபெணகல்லில் நூற்றுக்கணக்கான கல்திட்டைகளும், அவற்றை அடுத்த பாறைகளில் செங்காவி ஓவியங்களும் உள்ளன. அவ்விடம் 2021இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியது. 1957இல் தொல்லியலாளர் வாகண்கர் கண்டறிந்த மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா 2003இல் உலக மரபுச் சின்னமானது. கிருஷ்ணகிரிக் குன்றுகளுக்கு அத்தகைய பெயர் வாய்க்கவில்லை.

மழைநீர் வழிந்த தடமும், ஒதுங்கியவர்கள் மூட்டிய அடுப்பின் புகையும், சுண்ணக்கட்டியால் எழுதிய காதலர் பெயர்களும் பாறை ஓவியங்களுக்கு எங்கும் உள்ள பகைகள். படம் பளிச்சென்று விழத் தண்ணீர் தெளித்துப் புகைப்படம் எடுக்கும் ஆர்வலரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். கிருஷ்ணகிரிக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மாவட்டத்தின் முக்கியத் தொழில்களில் ஒன்று கிரானைட். ஓவியனுக்குச் சுவராக அமைந்த குன்றும், குவாரிக்காரர் தேடும் குன்றும் ஒரே கல்தான். கல்திட்டையின் பலகையோ இன்னும் வசதி: முன்னோர் ஏற்கெனவே பிளந்து வைத்த கல் அது, நிலத்தைத் திருத்துபவர் பெயர்த்துக்கொண்டு போய் வரப்பில் நட்டுவிடலாம்.