'மீனா'வும் நம் வீட்டுப் பெண்களும்

ஹைதராபாத் தமிழர் வீடுகளில் அம்மா ரமணிசந்திரன் படிப்பார். இங்கே பள்ளி சென்ற மகள் தெலுங்கில் யத்தனபூடி சுலோசனாராணி படிப்பாள். "எல்லாம் காதல் கதை, விடுங்க" என்று ஆண்கள் நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது சரியல்ல என்பது என் கருத்து.

கிருஷ்ணா மாவட்டத்துக் காஜாவில் பிறந்த சுலோசனாராணி, திருமணத்திற்குப் பின் ஹைதராபாத் வந்தவர். 1960களில் வெளிவந்த 'செக்ரட்டரி'யில் நாயகனின் செல்வமெல்லாம் கனவுதான். ஆனால் சம்பளத்துக்கு உழைக்கும் ஜெயந்தியின் தன்மானமும் கோபமும் கனவல்ல. அப்போதுதான் ஆபீஸ் படியேறிய பெண்கள் அவளிடம் தங்களையே கண்டார்கள். 1976இல் அது திரைப்படமாயிற்று.

'மீனா'வில், அம்மாவின் அதட்டலுக்கு அடங்கிய பட்டணத்துப் பெண் கிராமத்து உறவுகளிடையே, கேலியும் ஊடலுமாக, தானே முடிவெடுக்கப் பழகுகிறாள். விஜயநிர்மலா இதை 1973இல் படமாக்கினார். 2016இல் வந்த 'அ ஆ'வும் இந்தக் கதையைத் தழுவியதே. நாற்பது வருஷம் கழித்தும் எடுபட்டதென்றால் காரணம் கல்யாண முடிவு அல்ல. "எனக்கும் ஒரு மனசு இருக்கு" என்கிற அந்தப் பெண்தான்.

ரமணிசந்திரனின் வாசகியர் தேடியதும் அதைத்தான். அம்மாவும் மகளும் தாம் படித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கட்டும். மொழி இரண்டானாலும் மனசு ஒன்றென்பது விளங்கும்; மகளுக்குத் தமிழ் எழுத்தின்மேல் ஆசையும் வரும்.