வட்டானுக்கி

ஜப்பானிய அரிய குடும்பப்பெயர். 'நான்காம் மாதம் முதல் நாள்' என்று எழுதி, 'வட்டானுக்கி' என்று படிக்கப்படுகிறது. எழுத்துகளின் ஒலிக்கும் படிக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லை. ஒரு பழைய வழக்கம் அறிந்தவருக்கே பெயர் விளங்கும். 'வட்டா' பஞ்சு, 'நுக்கி' உருவுதல். குளிருக்காகப் பஞ்சு திணித்த கிமோனோவிலிருந்து, சந்திர நாட்காட்டியின் நான்காம் மாத முதல் நாளில் பஞ்சை எடுத்துவிட்டுக் கோடைக்கு ஏற்றபடி அணிந்தார்கள். வீட்டுவேலை ஒன்று தேதியாகி, தேதி குடும்பப்பெயரானது வியக்கத்தக்கது. 1873இல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியதால் இன்றைய ஏப்ரல் 1 அந்த நாள் அல்ல. பழைய நாள் பெரும்பாலும் மே மாதத்தில் வரும்.

'எட்டாம் மாதம் முதல் நாள்' என்று எழுதும் 'ஹொசுமி' இதன் உறவுப்பெயர்: புதுக்கதிர் கொய்யும் நாளைக் குறிப்பது.

இந்த ஒலியுள்ள பெயரைப் பலரும் 'பஞ்சு', 'ஊடுருவு' என்ற எழுத்துகளால் எழுதுகிறார்கள். குன்மா மாநிலத்தின் தக்கசாக்கி நகரில் அவ்வெழுத்துகளிலேயே ஓர் ஊர்ப்பெயரும் உண்டு. அங்குள்ள 6ஆம் நூற்றாண்டுக் கல்லறை மேடு புகழ்பெற்றது. தேதியாக எழுதும் வடிவமே மிக அரிது. 2003இல் தொடங்கிய 'ஹோலிக்' என்ற மங்கா தொடரின் நாயகன் இந்தப் பெயரைத் தாங்கியவன். அவன் பிறந்தநாளும் ஏப்ரல் 1.