ஓர் எழுத்தின் இடைவெளி: வர்ஜீனியாவில் ஒரு மூதாதையைத் தேடி

1640ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள், ஆங்கிலேயரின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் மூன்று பணியாளர்கள் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். ஹியூ குவின் என்னும் நிலக்காரரிடமிருந்து தப்பி மேரிலாந்துக்கு ஓடியவர்கள் அவர்கள். ஒருவர் விக்டர், டச்சுக்காரர். மற்றொருவர் ஜேம்ஸ் கிரெகரி, ஸ்காட்லாந்துக்காரர். மூன்றாமவர் ஆப்பிரிக்கர், பெயர் ஜான் பஞ்ச். பிடிபட்ட இடத்திலேயே மூவரையும் விற்றுவிட குவின் இசைவு கேட்டிருந்தார். நீதிமன்றம் மறுத்தது. பிறர் கண்டு அஞ்சும்படி வர்ஜீனியாவிலேயே தண்டிக்கப்பட வேண்டும் என்பது அதன் எண்ணம்.

மூவருக்கும் முப்பது முப்பது கசையடி. அதுவரை தண்டனை ஒன்றே. அதன் பின்னர்தான் வழி பிரிகிறது. வெள்ளையர் இருவரும் தத்தம் ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டு முதலாளிக்கு மேலும் ஓராண்டும், குடியேற்ற அரசுக்கு மூன்றாண்டும் உழைக்க வேண்டும். ஜான் பஞ்ச் மட்டும் தம் வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டும். குற்றம் ஒன்று, ஓடிய பாதை ஒன்று, நீதிமன்றமும் ஒன்று. வேறுபட்டது தோலின் நிறமே. ஆங்கில அமெரிக்காவில் ஒருவர் ஆயுள் முழுமைக்கும் அடிமையாக்கப்பட்டதற்கு ஆவணச் சான்றுள்ள முதல் நிகழ்வு என்று வரலாற்றாசிரியர் பலரும் இதனையே குறிப்பிடுவர். அதற்கு முன்பே ஆப்பிரிக்கர் பலர் வழக்கத்தினால் வாழ்நாள் அடிமைகளாக வைக்கப்பட்டிருக்கலாம்; எனினும் அதனை நீதிமன்றத் தீர்ப்பாக எழுதிவைத்தது இங்குதான்.

இந்த ஜான் பஞ்சுக்குப் பிள்ளைகள் இருந்தனரா? இருந்தால் அவர்கள் யாவர்? இக்கேள்வியே இவ்வுரையின் பொருள். இது ஏதோ ஒரு குடும்பத்தின் தனிச் செய்தி என்று தோன்றலாம். ஆயினும் இதற்கு விடை தேடப் புகுந்தவர்கள் கடைசியில் அமெரிக்காவின் 44ஆம் அதிபரின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

முதலில் ஓர் எழுத்துச் சிக்கலைக் கூறியாக வேண்டும். 1660களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவின் நியூ கென்ட் மாவட்டத்தில் 450 ஏக்கர் நிலத்துக்குப் பட்டயம் பெற்ற ஒருவர் உண்டு. அவர் பெயரும் ஜான் பஞ்ச். ஆங்கிலத்தில் இவ்விருவரின் குடும்பப் பெயர்களும் வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன. வழக்கில் வருபவரின் பெயர் 'பல்' என்னும் சொல்லில் உள்ளது போன்ற வல்லொலியில் தொடங்கும். பட்டயத்தில் வருபவரின் பெயர் 'பல்பு' என்று நாம் விளக்கைச் சொல்லும்போது முதலில் எழும் ஒலியில் தொடங்கும். ஆங்கிலம் இரண்டெழுத்தால் பிரித்துக் காட்டுவதைத் தமிழ் 'ப' என்னும் ஓரெழுத்துக்குள் அடக்கிவிடுகிறது. ஆகவே நம் எழுத்தில் இவ்விருவரும் ஏற்கெனவே ஒரே குடும்பத்தார் ஆகிவிட்டனர்! அமெரிக்க ஆய்வாளர்களுக்கு அந்த வசதி இல்லை. குழப்பம் நேராதிருக்க, முன்னவரை வழக்கின் ஜான் என்றும் பின்னவரைப் பட்டயத்தின் ஜான் என்றும் இங்கே அழைப்போம்.

17ஆம் நூற்றாண்டு எழுத்தர்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். நிலைத்த எழுத்துக்கூட்டல் என்பதே அப்போது இல்லை. ஆகவே இவ்விரு தொடக்க ஒலிகளும் ஒன்றுக்கொன்று மாறுவது வியப்பன்று. ஆனால் வியப்பன்று என்பது வேறு. நிகழ்ந்தது என்பது வேறு. பட்டயத்தின் ஜானுடைய குடும்பப் பெயர் இங்கிலாந்திலும் வழங்கிய பெயர்தான். அதைத் தாங்கிய ஒருவர் கப்பலேறி வந்த சாதாரண ஆங்கிலேயராக இருப்பதற்கும் தடையில்லை. பெயர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தந்தை மகன் உறவைக் கட்டுவோமாயின், அது மணலில் எழுப்பிய சுவராகும்.

ஆவணங்களைப் பார்க்கலாம் என்றால், அங்கே நெருப்பு குறுக்கிடுகிறது. நியூ கென்ட் மாவட்டத்து ஆவணங்கள் 1787இல் எரிந்தன. இது விபத்தன்று, ஜான் பிரைஸ் போசி என்பவர் வேண்டுமென்றே வைத்த தீ. அதற்காக அடுத்த ஆண்டு அவர் தூக்கிலிடப்பட்டார். தலைநகர் ரிச்மண்டில் இருந்த பழைய உயர்நீதிமன்றக் குறிப்பேடுகளில் பெரும்பகுதி 1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், நகரோடு சேர்ந்து எரிந்தது. வழக்கின் ஜானுடைய தீர்ப்பையே நாம் இன்று படிக்க முடிவது அதற்கு முன் எடுத்து வைக்கப்பட்ட படிகளின் தயவினால்தான். அமெரிக்கக் குடும்ப வரலாற்றாளர்கள் இத்தகைய மாவட்டங்களை 'எரிந்த மாவட்டங்கள்' என்றே அழைப்பர். எஞ்சியவை நிலப்பட்டயங்கள், ஆளுநர் மன்றக் குறிப்புகள், சில திருச்சபைப் பதிவேடுகள், அண்டை மாவட்டங்களின் நீதிமன்ற ஏடுகள்.

அவ்வாறு எஞ்சியவற்றுள் ஒன்று 1705ஆம் ஆண்டுக்குரியது. பட்டயத்தின் ஜானுடைய குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு ஜானும் சாரா ஸ்லேடன் என்னும் வெள்ளைக்காரப் பெண்ணும் ஆளுநர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். தங்களுக்குத் திருமணம் செய்துவைக்கப் பாதிரியார் மறுக்கிறார் என்பது முறையீடு. மறுப்புக்குக் காரணம், மணமகன் 'முலாட்டோ', அதாவது கறுப்பினக் கலப்புடையவர் என்பது. 1691ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கறுப்பரையோ முலாட்டோவையோ அமெரிக்கப் பழங்குடியினரையோ மணக்கும் வெள்ளையர் குடியேற்றத்தை விட்டே நாடு கடத்தப்படுவர். மன்றம் அரசின் தலைமை வழக்குரைஞரிடம் கருத்துக் கேட்டது. அவர் சொன்னது நுட்பமான விடை. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நேரே பிறந்த பிள்ளைதான் முலாட்டோ. முலாட்டோவுக்கும் வெள்ளையருக்கும் பிறந்த பிள்ளைக்கு வேறு பெயர் உண்டு. ஆகவே சட்டத்தின் நோக்கம் எதுவாயினும், அதன் சொல் இம்மனிதரைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் வாதம். ஒரு சொல்லின் பொருள் எல்லையில் ஒரு திருமணம் தொங்கி நின்றது. மொழி பேணும் அவையொன்றில் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். அதே ஆண்டின் பிற்பகுதியில் வர்ஜீனியாச் சட்டமன்றம் அச்சொல்லுக்கு வரையறை வகுத்தது: கறுப்பரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை ஆகிய அனைவரும் முலாட்டோக்களே. வழக்குரைஞர் கண்ட இடைவெளி அத்துடன் அடைக்கப்பட்டது.

இந்த விண்ணப்பத்தால் நாம் அறிவது யாது? நிலமும் உரிமையும் உடைய அக்குடும்பத்தில் ஆப்பிரிக்கக் குருதி இருந்தது. அது அக்கம்பக்கத்தாருக்கும் பாதிரியாருக்கும் தெரிந்திருந்தது. ஆயினும் அது பல தலைமுறைக்கு முந்தியதாய் மங்கத் தொடங்கியிருந்தது. ஆப்பிரிக்க மூதாதை ஒருவரைப் பட்டயத்தின் ஜானுக்கு அருகிலேயே தேட வேண்டும் என்று இது சுட்டுகிறது.

அடுத்த சான்று உயிரியலிலிருந்து வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் ஏறத்தாழ மாறாமல் தலைமுறை தோறும் இறங்குகிறது. மேலைநாட்டில் குடும்பப் பெயரும் பெரும்பாலும் அதே வழியில் செல்வதால், இரண்டையும் ஒப்பிட இயலும். தந்தையின் பெயரைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றி எழுதும் நம்மிடையே இவ்வழி இத்துணை எளிதன்று. பட்டயத்தின் ஜானுடைய ஆண்வழிப் பின்னோர் சிலர் தம் மரபணுவைச் சோதித்தனர். தம்மை வெள்ளையர் என்றே அறிந்து வாழ்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கிடைத்தது சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவுக்குரிய வகை. ஆகவே பட்டயத்தின் ஜானுடைய நேர் ஆண்வழி மூதாதை ஆப்பிரிக்கர் என்பதில் ஐயமில்லை. அப்படியானால், அவர் மட்டும் எவ்வாறு அடிமையாகாமல் நிலத்துக்கு உரியவரானார்?

இதற்கு விடை தாயிடம் இருக்கிறது. 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது. பிள்ளை அடிமையா, சுதந்திரரா என்பதைத் தாயின் நிலையே முடிவு செய்யும் என்றது அது. ஆங்கிலேயரின் பழைய வழக்கப்படி பிள்ளை தந்தையின் நிலையைப் பெறும். அதனை இங்கே தலைகீழாக்கினர். அடிமைப் பெண்களிடம் வெள்ளை முதலாளிகள் பெற்ற பிள்ளைகள் சொத்தாகவே இருக்க வேண்டும் என்பது அதன் பயன். ஆனால் அதே விதியின் மறுபக்கம், வெள்ளைக்காரத் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குச் சுதந்திரத்தைக் கொடுத்தது. குடியேற்றக் காலத்துச் சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்களின் வேர்களைப் பல்லாண்டு தேடிய பால் ஹைனெக், அவற்றுள் மிகப் பல வெள்ளைக்காரப் பெண்களுக்கும் ஆப்பிரிக்க ஆண்களுக்கும் பிறந்தவர்களின் வழியே வந்தவை என்று காட்டினார். தோட்ட முதலாளிகள் விடுதலை செய்த பிள்ளைகளின் வழியினர் என்ற பழைய எண்ணம் அதனால் தளர்ந்தது. அவருக்குப் பெரிதும் உதவியவை மாவட்ட நீதிமன்ற ஏடுகள். 1691க்குப் பின் கலப்பினப் பிள்ளை பெற்ற வெள்ளைப் பெண்ணுக்கு 15 பவுண்டு தண்டம். கட்ட இயலாவிடில் ஐந்தாண்டுக் கட்டாய உழைப்பு. பிள்ளைக்கோ முப்பது வயது வரை கட்டுண்ட பணி. அப்பெண்களைத் தண்டிக்க எழுதிய வரிகளே இன்று அவர்தம் வழித்தோன்றல்களுக்குப் பிறப்புச் சான்றிதழாகின்றன.

இப்போது நூல்களை ஒன்றாக முறுக்கிப் பார்ப்போம். பட்டயத்தின் ஜானுக்கு ஆப்பிரிக்கத் தந்தையும் சுதந்திரமான வெள்ளைக்காரத் தாயும் இருந்திருக்க வேண்டும். அவர் பிறந்திருக்கக்கூடிய காலத்தில் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர் தொகை மிகச் சிறிது. அவர்களுள் இப்பெயரை ஒத்த பெயருடன் ஆவணத்தில் காணப்படுபவர் வழக்கின் ஜான் ஒருவரே. அவர் வெள்ளைப் பணியாளர்களோடு ஒன்றாக உழைத்தவர், ஒன்றாக ஓடியவர். அவருடைய முதலாளி குவின் இருந்த யார்க் மாவட்டத்திலிருந்துதான் 1654இல் நியூ கென்ட் மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2012 சூலையில் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இவற்றை அடுக்கி, வழக்கின் ஜானே பட்டயத்தின் ஜானுக்குத் தந்தை என்னும் முடிவை வெளியிட்டனர். அவர் பராக் ஒபாமாவுக்குப் பதின்மூன்று தலைமுறை முந்திய மூதாதை என்றும் கூறினர். துறையில் பெரிதும் மதிக்கப்படும் எலிசபெத் ஷோன் மில்ஸ் அவ்வாய்வைப் பரிசீலித்து, சான்றுகளின் எடை அம்முடிவுக்கே சாதகம் என்றார்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஒபாமாவின் தந்தை கென்யாவில் பிறந்தவர். அவ்வழியில் அமெரிக்க அடிமைமுறையின் தொடர்பே இல்லை. தொடர்பு வந்தது கான்சஸ் மாநிலத்து வெள்ளைக்காரத் தாயின் வழியே, அதிலும் அத்தாயைப் பெற்ற பாட்டி மேடலின் பெய்னின் முன்னோர் வழியே. இடையில் பெண்கள் பலர் வருவதால் ஒபாமாவின் ஒய் குரோமோசோம் இங்கே எதையும் சொல்லாது. அக்கண்ணிகளை ஏடுகளாலேயே கோத்தனர். 1950இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரால்ஃப் பஞ்ச்சும் இதே குடும்பத்தின் வேறொரு கிளை என்று கருதப்படுகிறது. ஒரு கிளை வெள்ளையருள் கரைந்தது. ஒரு கிளை கறுப்பராகவே நின்றது. இன்னொரு கிளை டென்னசி மலைப்பகுதியின் மெலன்ஜியன் எனப்படும் மக்களிடையே சேர்ந்தது.

அம்மெலன்ஜியன் குடும்பங்கள் தம்மைப் போர்த்துகீசியர் வழியினர் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்தன. அதனை வீண் பெருமை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. 1834இல் டென்னசி மாநிலம் சுதந்திரக் கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தது. 1846இல் ஹாக்கின்ஸ் மாவட்டத்தில் அம்மக்கள் சிலர்மீது, உரிமையின்றி வாக்களித்தனர் என்று குற்றம் சாட்டப்பட்டது, பின்னர் விடுவிக்கப்பட்டனர். கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேரன் சொல்லும் கதை அவன் வாக்கையும் நிலத்தையும் திருமணத்தையும் காக்கும் கேடயமாக இருந்த காலம் அது. 2012இல் வெளிவந்த மரபணு ஆய்வு போர்த்துகீசியக் கதையைத் தாங்கவில்லை. ஆண்வழியில் பெரும்பாலும் ஆப்பிரிக்கரையும் பெண்வழியில் ஐரோப்பியரையும் அது காட்டியது.

நம் கருத்தைச் சொல்வதானால், பட்டயத்தின் ஜான் ஆப்பிரிக்கர் ஒருவரின் மகன் என்பது நிறுவப்பட்டது. அந்த ஆப்பிரிக்கர் வழக்கின் ஜான் என்பது மிகவும் ஏற்புடைய ஊகம். முன்னதற்கு மரபணுவும் ஏடும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன. பின்னதற்குப் பெயரும் இடமும் காலமும் மட்டுமே சாட்சிகள். செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கித் தலைப்பிட்டன. ஆய்வாளர்களே 'பெரும்பாலும்' என்று எழுதிய இடத்தில் அச்சொல் அச்சாகாமல் போயிற்று. 'முலாட்டோ' என்னும் சொல்லின் எல்லையை அன்று ஒரு வழக்குரைஞர் அளந்த கவனம், இன்று 'பெரும்பாலும்' என்னும் சொல்லுக்கும் உரியது.

1640ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஜான் பஞ்ச் தம் முதலாளிக்கோ அவர் உரிமை மாற்றிக் கொடுப்போருக்கோ, இங்கேயோ வேறிடத்திலேயோ உழைக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குப் பின் அவர் பெயர் எந்த ஏட்டிலும் வரவில்லை. பட்டயத்தின் ஜானுக்குச் சுதந்திரத்தைக் கொடுத்த அத்தாயின் பெயரோ ஒருமுறைகூட எழுதப்படவில்லை.