பிணம் புதைத்தவரின் நன்றிப் பாட்டு

நல்லது நடந்தால் கடவுளுக்குப் புகழ், கெட்டது நடந்தால் கடவுளின் சித்தம். கிறிஸ்தவ நண்பர்கள் இப்படிச் சொல்லும்போது, சைவ வீட்டில் பிறந்த எனக்கு ஒரு கேள்வி வரும். அப்படியானால் எதற்காக அவரைப் புகழ்வது? எதையெல்லாமோ இழந்துவிட்டு வந்த எங்கள் சனத்துக்கு இது வெறும் பட்டிமன்றத் தலைப்பல்ல. நான் வாழும் யேர்மனியில் ஒரு பாட்டின் வரலாற்றைப் படித்தபோது, இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்று விளங்கியது.

'நூன் டாங்கெட் அல்லே கொட்' என்பது யேர்மன் தேவாலயங்களில் மிகவும் பிரபலமான நன்றிப் பாட்டு. எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649). லைப்சிக்குக்கு அருகே ஐலன்பூர்க் என்ற சிறு நகரத்தில் லூத்தரன் போதகராக இருந்தவர். 1618இல் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. ஐலன்பூர்க்குக்கு மதில் இருந்ததால் சுற்றுவட்டாரத்து அகதிகள் அங்கே வந்து ஒதுங்கினார்கள். சனநெருக்கடியோடு பசியும் கொள்ளைநோயும் வந்தன. 1637இல் மற்றப் போதகர்கள் இறந்தும் ஊரைவிட்டுப் போயும்விட, ரிங்கார்ட் தனியாளாக 4,000க்கும் அதிகமானோரை அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அவர் பாட்டை எழுதினார் என்று உருக்கமாகச் சொல்வோர் உண்டு. ஆய்வாளர்கள் காட்டுவதோ அதற்கு முந்திய, 1630ஐ ஒட்டிய ஆண்டுகளை. சாப்பாட்டு மேசையில் சொல்லும் சின்னச் செபமாகத்தான் அது பிறந்தது. எனக்கு இதுவே நல்லதாகப் படுகிறது. இவ்வளவு அழிவும் ஒரு நல்ல பாட்டுக்காகத்தான் என்று இனி யாரும் அழிவுக்கு நியாயம் சொல்ல முடியாது.

அடுத்து 1757 டிசம்பர் 5. லொய்தன் என்ற இடத்தில் ஒஸ்திரியரைத் தோற்கடித்த பிரஷ்யப் படை அன்றிரவு இதே பாட்டைப் பாடியதாகச் சொல்வார்கள். வென்றவனும் கிறிஸ்தவன், தோற்றவனும் கிறிஸ்தவன். வெற்றி தந்தார் என்பதற்காகப் புகழ்ந்தால் கடவுள் ஒரு பக்கத்து ஆளாகிவிடுகிறார். பரிசில் தந்த மன்னனைப் புலவர்கள் பாடியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1646இல் லைப்சிக்கில் பிறந்த தத்துவஞானி லைப்னிஸ் இதை வேறு பக்கத்தால் கேட்டார். கடவுள் செய்கிறார் என்பதாலேயே ஒன்று நல்லதாகிறது என்றால், அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தாலும் இதே புகழ்தானே அவருக்குக் கிடைத்திருக்கும், பிறகு செய்ததற்காக ஏன் புகழ வேண்டும் என்று 1686இல் எழுதினார். சரியான கேள்வி. ஆனால் 1710இல் வெளியான 'தியோடிசி'யில் அவர் சொன்ன விடை, இருக்கக்கூடிய உலகங்களில் மிகச் சிறந்ததையே கடவுள் தேர்ந்தெடுத்தார் என்பது. ஐலன்பூர்க்கின் புதைகுழிகளுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்ல எனக்கு நா எழாது.

பைபிள்கூட இப்படிச் சுலபமாகக் கணக்கை முடிப்பதில்லை. சங்கீதங்களின் எபிரேயப் பெயருக்குப் பொருள் 'புகழ்ப்பாக்கள்'. ஆனால் அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதத்தில் கடைசிவரை நன்றியும் இல்லை, ஆறுதலும் இல்லை, இருளோடு முடிகிறது. ஆனாலும் அதை யாரும் வெட்டி எறியவில்லை. புகழ்ப்பாக்களின் நூலில் முறைப்பாட்டுக்கும் இடம் வைத்திருந்தார்கள்.

கடைசியாக 1955 ஒக்டோபர். சோவியத் நாட்டில் போர்க்கைதிகளாக இருந்தவர்களில் எஞ்சியோர் பிரீட்லாந்து முகாமுக்கு வந்து சேர்ந்தபோது ரிங்கார்டின் பாட்டைப் பாடினார்கள். அவர்கள் எந்தப் படையில் போனவர்கள், அந்தப் படை என்ன செய்தது என்பதை மறக்கக்கூடாது. அதே முகாமில், காணாமற்போன பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் ஏந்தியபடி தாய்மார் நின்றார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் "இவனைக் கண்டாயா?" என்று கேட்டார்கள். அந்தக் காட்சியை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உயிரோடு திரும்பியவன் நன்றி சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் படத்தோடு நின்ற தாயிடம், நீயும் சேர்ந்து பாடு என்று சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. கடவுள் புகழுக்குரியவர்தானா என்று என்னைக் கேட்டால், அவள் பாடாமல் நின்றதையும் அவர் ஏற்றுக்கொள்வாரானால் ஆம் என்பேன். அதையும் குற்றமாகப் பிடிக்கிறவர் என்றால், எங்கள் ஊர்களில் நாங்கள் பயத்தில் கும்பிட்ட ஆட்களைவிட அவர் எந்த வகையில் மேல்?