இலக்கம் கூடினா பாட்டு இனிக்குமா?

1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தபோது அதன் கணக்கு இதுதான்: செக்கனுக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மனிதக் காது அதிகம் போனால் 20,000 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குச் சற்றுக் கூடிய மாதிரிகள் போதும்.

பிறகு 96, 192 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் எண்டு இலக்கம் ஏறிச்சுது. 192/24 கோப்பு, சுருக்காவிட்டால், இறுவட்டுத் தரத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் பெரிசு. 2014இல் பாடகர் நீல் யங் இந்தத் தரத்துக்கென்றே 'போனோ' கருவியைக் கொண்டுவந்து, கிக்ஸ்டார்ட்டரில் 60 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டினார். 2017இல் அதைக் கைவிட்டார்.

சரி, காது என்ன சொல்லுது? 2007இல் மேயர், மொரன் என்ற இருவர் தங்கள் சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர வட்டின் ஒலியையும், அதையே இறுவட்டுத் தரத்துக்கு இறக்கிய ஒலியையும், எது எதுவெண்டு சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 தடவையில் 276 சரி. காசு சுண்டிப் பார்த்தாலும் இதுதான் வரும். 2016இல் ஜொஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்: 52.3 வீதம். பயிற்சி பெற்ற காதுகளுக்கு இது இன்னும் கூட.

ஆனா மேயரும் மொரனும் இன்னொன்றையும் எழுதினார்கள்: உயர்தர வட்டுகள் பல உண்மையிலேயே நல்லாத்தான் இருந்தன. காரணம் இலக்கமில்லை, கவனமான மாஸ்டரிங். சாதாரண இறுவட்டுகளில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். 2008இல் மெட்டாலிக்காவின் 'டெத் மக்னெட்டிக்' வந்தபோது, இறுவட்டைவிட 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் இருந்த பதிவே தெளிவெண்டு ரசிகர்கள் கொதித்ததும் இதனால்தான்.

அதனால காசு குடுக்க முதல் கிலோஹேர்ட்ஸைப் பார்க்காதேங்கோ. அந்தப் பதிவை ஆர், எப்ப மாஸ்டர் செய்தது எண்டு பாருங்கோ.