துளையும் தழும்பும்

கல்லல் வட்டாரத்தில் ‘கண் பிரஷர்’ என்று வழங்கும் நோயை மருத்துவர்கள் கிளாகோமா என்பர். இக்கால அரபியில் அது ‘அல்மாவுல் அஸ்ரக்’, அதாவது நீலநீர், கண்புரையோ வெண்ணீர். பெயரில் உறவுண்டே தவிர இரண்டும் ஒன்றல்ல. புரையை அகற்றினால் பார்வை திரும்பும். நீலநீரில் போனது போனதுதான். கண்ணுள் ஊறும் நீர் வடிய வழியின்றி அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. எஞ்சியதைக் காப்பதே சிகிச்சை.

இந்நோயின் வரலாற்றில் நம் சென்னைக்கும் இடமுண்டு. அங்கு அரசுக் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கருவிழியும் வெள்ளைவிழியும் கூடுமிடத்தில் வட்டத் துளையிட்டு, உள்நீரை மேற்படலத்தின் கீழ் வடியச் செய்தார். 1913இல் அதனை நூலாக்கினார். முறை உலகெங்கும் பரவிற்று. ஆயினும் துளைமேல் நின்ற படலம் நாளடைவில் மெலிந்து, கிருமி புகுந்து கண்ணிழந்தோரும் உண்டு. 1968இல் இங்கிலாந்தின் கேர்ன்ஸ், துளைக்கு வெள்ளைவிழியிலிருந்தே ஒரு மூடி அமைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார்.

எனினும் ஒரு சிக்கல் தீரவில்லை. எந்த அறுவையிலும் காயம் ஆறவேண்டுமென்றே நாம் வேண்டுவோம். இவ்வறுவையில் ஆறுவதே பகை! திறந்த வழியை உடல் புண்ணெனக் கொண்டு தழும்பிட்டு அடைக்கிறது. அழுத்தம் பழையபடி ஏறுகிறது. இதற்குத் துணைவந்தவை புற்றுநோய் மருந்துகள். மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1950களில் ஜப்பானியர் பிரித்த மைட்டோமைசினை, தைவானின் சென் இவ்வறுவையில் பயன்படுத்தி 1983இல் எழுதினார். 1984இல் அமெரிக்காவின் மயாமி மருத்துவர்கள் ஃப்ளூரோயுராசிலை அறுவைக்குப்பின் ஊசியாகச் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். மைட்டோமைசினில் நனைத்த சிறு பஞ்சைச் சில நிமிடம் வைத்தெடுத்து நன்கு கழுவிவிடுவது வழக்கம். அதற்குள்ளேயே தழும்பு நெய்யும் உயிரணுக்களின் பெருக்கம் ஒடுங்கிவிடும்.

விலையில்லாமல் இல்லை. அளவு மிஞ்சினால் அழுத்தம் வேண்டியதற்குங் கீழே இறங்கும். படலம் மெலிந்து நீர் கசியும். எலியட் காலத்துத் தொல்லையே புது வேடத்தில் வந்ததென்பது நம் கருத்து. ஆதலால் யாருக்கு, எவ்வளவு மருந்து என்பதைக் கண்ணைப் பார்த்தே மருத்துவர் முடிவுசெய்வார்.

1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் ஜி. வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் இருப்பது நம் பகுதியினருக்கு வாய்ப்பு. இவ்வறுவை செய்துகொண்டவர் வீட்டிலிருந்தால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: ஆண்டுகள் பல கடந்தபின்னும் அக்கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை கட்டினாலோ, கடையில் சொட்டுமருந்து வாங்கிக் காத்திராமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.